விலை குறைந்த வேப் கருவியா, விலை கூடியதா? பிரிட்டனில் சிகரெட்டை விட நினைப்பவர்களுக்கான கணக்கு

வேப் கருவிக்கு, அதாவது மின்சிகரெட்டுக்கு, கொடுக்கும் காசு ஒருமுறை போவது. அதில் ஊற்றும் லிக்விட்டுக்கும், அந்த லிக்விட்டைச் சூடாக்கி ஆவியாக்கும் கம்பிச் சுருளான காயிலை மாற்றவும் கொடுக்கும் காசு வாராவாரம் போவது. கடையில் 15 பவுண்டுக் கருவிக்கும் 80 பவுண்டுக் கருவிக்கும் நடுவே நின்று யோசிப்பவர்கள் பெரும்பாலும் முதல் கணக்கை மட்டும் போடுகிறார்கள். வருடக் கடைசியில் பையைக் காலியாக்குவது இரண்டாவது கணக்குதான். 2026 அக்டோபர் 1 முதல் ஒவ்வொரு 10 மி.லி. லிக்விட்டுக்கும் 2.20 பவுண்டு வரி என்று பிரிட்டிஷ் அரசு முடிவு செய்ததும் அந்தக் கணக்கு இன்னும் கனத்துவிட்டது.

இது ஏற்கெனவே சிகரெட் பிடித்துக்கொண்டிருக்கும், அதை விட முயலும் பெரியவர்களுக்காக எழுதப்படுவது. வேப் செய்வது சிகரெட்டைவிடக் கெடுதல் குறைந்தது, ஆனால் கெடுதலே இல்லாதது அல்ல; சிகரெட் பிடிக்காதவர் இதைத் தொடங்கவே கூடாது என்பதுதான் பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவையான என்.எச்.எஸ். சொல்வது. அதில் எங்களுக்கும் மாற்றுக் கருத்து இல்லை. 18 வயதுக்குக் கீழே விற்பது அங்கே குற்றம்.

கடையில் இருப்பவை என்னென்ன

ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் வேப் 2025 ஜூன் 1 முதல் பிரிட்டனில் தடை. இப்போது சட்டப்படி விற்கக்கூடிய கருவி திரும்பச் சார்ஜ் ஏற வேண்டும், திரும்ப நிரப்ப முடிய வேண்டும், காயிலை, அல்லது காயிலும் லிக்விட்டும் அடங்கும் பாட் என்ற சிறு கூட்டை, மாற்ற முடிய வேண்டும். அதற்குள் நான்கு விதம் இருக்கிறது.

ஆகக் குறைந்த விலை, நிரப்பியே வரும் பாட் போடும் கருவி. 5 பவுண்டுக்குக்கூடக் கிடைக்கும். அடுத்தது நாமே லிக்விட் ஊற்றிக்கொள்ளும் பாட் கருவி, சுமார் 12 முதல் 30 பவுண்டு வரை. வேப்பரெஸ்ஸோ எக்ஸ்ரோஸ் வரிசையும் யூவெல் கேலிபர்ன் வரிசையும் இந்த இனம். மூன்றாவது, பெரிய பேட்டரியும் திரையும் கொண்ட பெட்டி மாதிரியான மாட், அதன்மேல் திருகும், குறைந்த மின்தடைக் காயிலில் நிறைய ஆவி தரும் சப்-ஓம் டேங்க். இரண்டும் சேர்ந்து 50 முதல் 90 பவுண்டு. நான்காவது, அதே மாட்டின் மேல் நாமே கம்பி சுற்றிப் பஞ்சு வைக்கும் ஆர்டிஏ டேங்க். இதில் 100 பவுண்டில் தொடங்கி 300 பவுண்டு தாண்டியும் போகலாம்.

விலை உயர்ந்தால் எல்லாமே உயரும் என்று நினைத்துவிடக் கூடாது. டேங்க் 2 மி.லி.க்கு மேல் கூடாது, நிக்கோடின் மில்லிக்கு 20 மி.கி.க்கு மேல் கூடாது, நிக்கோடின் உள்ள லிக்விட் புட்டி 10 மி.லி.க்கு மேல் கூடாது என்பது 2016 முதல் உள்ள ஒழுங்குவிதி. 12 பவுண்டுக் கருவிக்கும் அதே வரம்பு, 200 பவுண்டுக் கருவிக்கும் அதே வரம்பு.

முதலில் இழுப்பு, பிறகு விலை

சிகரெட் பிடிப்பவர் புகையை முதலில் வாயில் இழுத்து, நிறுத்தி, பிறகுதான் நெஞ்சுக்குள் இறக்குகிறார். காற்று இறுக்கமாக வரும். கடைக்காரர் எம்டிஎல் என்று சொல்வது இந்த வாய் இழுப்பைத்தான். மின்தடை ஒரு ஓமுக்குப் பக்கத்திலோ அதற்கு மேலோ உள்ள காயில், 10 முதல் 18 வாட், விஜி (கிளிசரின்), பிஜி (புரொப்பிலீன் கிளைகால்) இரண்டும் பாதிக்குப் பாதி கலந்த மெல்லிய லிக்விட், 10 அல்லது 20 மி.கி. நிக் சால்ட் (நிக்கோடின் உப்பு). இவையெல்லாம் இதற்குப் பொருத்தம்.

டிடிஎல் என்பது நெஞ்சு இழுப்பு. மூச்சு வாங்குவதுபோல நேராக உள்ளே. காயில் 0.15 முதல் 0.4 ஓம், 40 முதல் 80 வாட், 70 விழுக்காடு விஜி உள்ள கெட்டியான லிக்விட், நிக்கோடின் 3 மி.கி. அல்லது 6 மி.கி. ஆவி அறை முழுக்க நிற்கும்.

சிகரெட்டிலிருந்து நேராக வருபவருக்கு முதலாவதுதான் பழகிய இழுப்பு. 80 பவுண்டு கொடுத்துச் சப்-ஓம் மாட் வாங்கி, முதல் இழுப்பிலேயே இருமி, ஒரு வாரத்தில் மறுபடி சிகரெட்டுக்குப் போவது மிகவும் நடக்கிற காரியம். அங்கே கருவியின் தரத்தில் எந்தக் குறையும் இருக்காது, இழுப்புதான் பொருந்தாமல் போயிருக்கும். விலை கூடியதை வாங்கினால் விட்டுவிடுவோம் என்று நம்பி வாங்குபவர்களைத் தடுத்து இதைச் சொல்லத் தோன்றுகிறது.

நிக்கோடின் அளவையும் கருவியோடு சேர்த்தே பார்க்க வேண்டும். காலையில் எழுந்து அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட் வேண்டும், நாளைக்கு ஒரு பாக்கெட் ஆகிறது என்றால் 20 மி.கி. சால்ட்டில் தொடங்குவது சரி. பத்துக்குக் கீழே பிடிப்பவருக்கு 10 மி.கி. போதலாம். ஆனால் 20 மி.கி. சால்ட்டைச் சப்-ஓம் டேங்கில் ஒருபோதும் ஊற்றக் கூடாது. ஒரு இழுப்பில் ஆவியாகும் லிக்விட் பாடைவிடப் பல மடங்கு. தலைசுற்றல், குமட்டல், நெஞ்சுப் படபடப்பு வரும்.

வருடக் கணக்கு

ஒருவர் வாய் இழுப்பில் ஒரு நாளைக்கு 3 மி.லி. லிக்விட் இழுத்துத் தீர்க்கிறார் என்று வைப்போம். வருடத்துக்கு 1,095 மி.லி., அதாவது சுமார் 110 புட்டி. விலைகள் கடைக்குக் கடை மாறும்; இங்கே போடுவது நடுவான விலை.

நிரப்பிய பாட் போடும் 5 பவுண்டுக் கருவியில் ஒரு பாட் 2 மி.லி. நாளைக்கு ஒன்றரைப் பாட். ஒரு பாட் இரண்டரை முதல் மூன்று பவுண்டு என்றால் வருடத்துக்கு 1,400 முதல் 1,600 பவுண்டு. கடையிலேயே விலை குறைந்த கருவி, வீட்டுக்கு வந்தபின் பெருஞ்செலவு வைக்கிறது. 10 மி.லி. புட்டி ஒன்றுக்குக் கொடுக்கும் காசை இங்கே 2 மி.லி.க்குக் கொடுக்கிறோம். இதை யாருக்கும் நிரந்தரமாகப் பரிந்துரைக்க முடியாது. இரண்டு வாரம் பழகிப் பார்க்க மட்டும் சரி.

நாமே ஊற்றும் பாட் கருவி 20 பவுண்டு. ஒரு பாட் பத்து நாள் வரும் என்றால் வருடத்துக்கு 36 பாட், ஒன்று இரண்டரை பவுண்டு, மொத்தம் 90. லிக்விட் 110 புட்டி, மூன்று பவுண்டு வீதம் 330. ஆக 440. புதிய வரி 2.20, அதன்மேல் 20 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரியும் சேர்ந்து புட்டிக்கு 2.64. அது மட்டும் 290 பவுண்டு. மொத்தம் 730.

சப்-ஓம் மாட். கருவி 70, இரண்டு பேட்டரி 14, சார்ஜர் 15. காயில் பத்து நாளுக்கு ஒன்று, மூன்று பவுண்டு வீதம் 108. லிக்விட் நாளைக்கு 10 மி.லி. சாதாரணம், 15 மி.லி. தீர்ப்பவரும் உண்டு. நிக்கோடின் இல்லாமல், மேலே இடம் விட்டு வரும் 100 மி.லி. ஷார்ட்ஃபில் புட்டியில் 18 மி.கி. நிக் ஷாட் (நிக்கோடின் உள்ள 10 மி.லி. புட்டி) இரண்டு ஊற்றினால் 120 மி.லி., நிக்கோடின் 3 மி.கி. அதற்கு 14 பவுண்டு வைத்தால் வருடத்துக்கு 425. இதுவரை 630 சொச்சம், பாடைவிட ரொம்ப அதிகம் இல்லை. வரியைப் போட்டால்தான் படம் மாறுகிறது. வரி மில்லிக்கணக்கில்தான் விழுகிறது. நிக்கோடின் இல்லாத ஷார்ட்ஃபில்லுக்கும் அதே விகிதம். 3,650 மி.லி.க்கு 960 பவுண்டுக்கு மேல். மொத்தம் 1,600-ஐத் தொடுகிறது. பெரிய புட்டியில் வாங்கினால் மலிவு என்று இத்தனை வருடம் இருந்த கணக்கு அந்த வரியோடு முடிந்துவிடுகிறது.

நான்காவது வழியைப் பலர் கவனிப்பதில்லை. விலை கூடிய மாட்டில் வாய் இழுப்புக்கான ஆர்டிஏ போட்டு 13, 14 வாட்டில் பயன்படுத்துவது. மாட், ஆர்டிஏ, பேட்டரி, சார்ஜர் எல்லாம் 135 பவுண்டு ஆகும். லிக்விட் பாட் கருவி குடிக்கும் அதே 3 மி.லி. காயில் செலவு மட்டும் வருடத்துக்கு 10 பவுண்டுக்குள் அடங்கும், ஏனென்றால் கம்பியும் பஞ்சும் மட்டும்தான். பாடைவிட 115 பவுண்டு கூடுதல் முதல். வருடத்துக்கு 80 பவுண்டு மிச்சம். ஒன்றரை வருடத்தில் முதல் திரும்பிவிடும். அதற்குள் பாட் கருவியின் பேட்டரியும் தளர்ந்து புதிதாக ஒன்று வாங்கும் நிலை வந்திருக்கும்.

இருபது சிகரெட் பாக்கெட் 16 பவுண்டுக்குப் பக்கத்தில் விற்கும் நாட்டில் இவற்றில் எதுவுமே சிகரெட்டைவிட அதிகம் ஆகப்போவதில்லை. அதனால் காசுக் கணக்கைவிட, எதைப் பிடித்தால் மறுபடி சிகரெட் பக்கம் போகாமல் இருப்பீர்கள் என்பதற்குத்தான் முதலிடம்.

விலை குறைந்த பாடில் எது கெடும், ஏன் கெடும்

கருகல் சுவை. புதுப் பாட் போட்ட அன்றே இது வந்தால் தவறு பெரும்பாலும் அவசரத்தில். காயிலைச் சுற்றியுள்ள பஞ்சு லிக்விட்டை உறிஞ்சும் வேகத்தைவிடக் கம்பி ஆவியாக்கும் வேகம் அதிகமானால் பஞ்சு காய்ந்து கருகும். ஒருமுறை கருகிய பஞ்சு தேறாது. பாடையே மாற்ற வேண்டும். அதனால் புதுப் பாடில் ஊற்றியதும் பத்து நிமிடம் அப்படியே நிறுத்திவையுங்கள். பிறகு கருவியில் செருகாமலேயே நாலைந்து முறை மெதுவாக இழுத்தால் பஞ்சுக்குள் லிக்விட் ஏறும். செருகியபின் முதல் பத்து இழுப்பு சிறிதாக இருக்கட்டும். இவ்வளவும் செய்தும் கருகினால் லிக்விட்டைப் பாருங்கள். 70 விழுக்காடு விஜி கெட்டியானது, பாடின் சிறு துளைகளில் ஏறாது. குளிர்காலத்தில் காரில் விட்ட லிக்விட்டும் அப்படித்தான் கெட்டியாகும். கோட்டின் உள்பையில் கொஞ்ச நேரம் வைத்தால் இளகிவிடும்.

நாலு நாளில் காயில் கறுத்து இனிப்புக் கருகல் வந்தால் அது சுக்ரலோஸ். மிட்டாய், கஸ்டர்ட் வகைச் சுவைகளில் சேர்க்கும் இனிப்பு கம்பியில் கரிபோல ஒட்டிக்கொள்கிறது. மெந்தால் அல்லது புகையிலைச் சுவையில் அதே பாட் இரண்டு வாரம் ஓடும். வருடக் கணக்கில் 90 பவுண்டு 65 ஆவதும் 225-ஐத் தாண்டுவதும் இந்த ஒன்றில்தான் இருக்கிறது.

கசிவு என்று நினைப்பதில் பாதி கசிவே இல்லை. நாள் முடிவில் பாடைக் கழற்றினால் அடியில் பிசுபிசுப்பு தெரியும்; அது ஆவி குளிர்ந்து படிந்த ஈரம். தினம் ஒருமுறை டிஷ்யூவை நுனி முறுக்கி உள்ளே விட்டுத் துடைத்தால் போதும். இரவில் நிரப்பி வைத்தது காலையில் குறைந்திருந்தால்தான் உண்மையான கசிவு. நிரப்பும் துளையின் ரப்பர் மூடி சரியாக அமரவில்லையா, விளிம்பு வரை ஊற்றிவிட்டீர்களா என்று பாருங்கள். மேலே கொஞ்சம் காற்று விட்டே ஊற்ற வேண்டும். அந்தக் காற்றறைதான் லிக்விட்டைப் பிடித்து நிறுத்துகிறது.

இந்த ஈரத்தை விட்டுவைத்தால் வேறொரு கோளாறு வரும். பொத்தான் இல்லாத பாட் கருவியில் இழுப்பை உணர ஒரு சிறு சென்சார் இருக்கும். பாடைக் கழற்றிப் பார்த்தால் இரண்டு தங்க நிற முனைகளுக்குப் பக்கத்தில் ஊசித் துளை தெரியும், அதற்குக் கீழேதான் சென்சார். அங்கே லிக்விட் இறங்கினால் இழுத்தும் வேலை செய்யாது, அல்லது இழுக்காமலே விளக்கு எரிந்து கருவி சூடாகும். இரண்டாவது நடந்தால் உடனே பாடைக் கழற்றுங்கள். காயில் இல்லாமல் சூடு ஏறாது. கருவியைக் கவிழ்த்து டிஷ்யூவின் மேல் தட்டி, ஓர் இரவு அப்படியே கவிழ்த்து வைத்தால் பெரும்பாலும் சரியாகும். ஊதக் கூடாது, ஊதினால் ஈரம் இன்னும் உள்ளே போகும். மறுநாளும் தானாக எரிந்தால் அந்தக் கருவியைப் பயன்படுத்துவதை நிறுத்திவிடுங்கள்.

சார்ஜ் ஏறவில்லை என்ற புகாரில் நிறைய கேபிள் பிரச்சினை. விலை குறைந்த பல கருவிகளில் யூஎஸ்பி-சி துளை இருந்தாலும், இரண்டு முனையும் சி ஆக உள்ள கேபிளோடு பேசுவதற்கான சிறு மின்தடைகளை உற்பத்தியாளர் வைத்திருக்க மாட்டார். சார்ஜர் அங்கே ஒரு கருவி இருப்பதையே அறியாது. ஒரு முனை பழைய அகன்ற யூஎஸ்பி-ஏ ஆக உள்ள கேபிளில் போட்டால் ஏறும். படுக்கையில், தலையணைக்கடியில், ஆளில்லாத அறையில் சார்ஜ் போட வேண்டாம்.

இனிச் சக்தி. ஆகக் குறைந்த விலைக் கருவிகள் சிலவற்றில் பேட்டரியின் மின்னழுத்தம் அப்படியே காயிலுக்குப் போகும். முழுச் சார்ஜில் 4.2 வோல்ட், தீரும்போது 3.3. மின்னழுத்தத்தின் வர்க்கத்தைத் தடையால் வகுத்தால் வாட் வரும்: 0.8 ஓம் காயிலில் காலையில் 22 வாட், மாலையில் 13.6. காலையில் சூடு, மாலையில் சப்பென்று இருப்பதற்குக் காரணம் இதுதான். வெளியீட்டை ஒரே அளவில் வைத்திருக்கும் சிப் உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். 12 பவுண்டிலிருந்து 25 பவுண்டுக்கு ஏறும்போது கிடைப்பது பெரும்பாலும் இதுதான், கூடவே காற்றைக் கூட்டிக் குறைக்கும் விசையும். அந்தப் 13 பவுண்டுக்குக் கிடைக்கும் பலன் அதற்குப் பிறகு எத்தனை பவுண்டு ஏற்றினாலும் அதே அளவில் கிடைப்பதில்லை.

விலை கூடியதில் எதற்குக் காசு

முதலாவது, கழற்றி மாற்றும் பேட்டரி. பாட் கருவியில் பேட்டரியின் கொள்ளளவு 1000 எம்ஏஎச் என்றால் சுமார் 3.7 வாட்-மணி. 15 வாட்டில், வீணாவது போக, மூன்று நொடி இழுப்பாக 260-க்குப் பக்கத்தில் வரும். 18650 என்ற உருளை வடிவ 3000 எம்ஏஎச் பேட்டரி இரண்டு போட்ட மாட்டில் 22 வாட்-மணி. அதே 15 வாட்டில் 1,600 இழுப்பு. மூன்று நான்கு நாள் சார்ஜரைத் தேட வேண்டாம். ஆனால் அதையே 60 வாட்டில் ஓட்டினால் 400 இழுப்புதான். சப்-ஓமில் பெரிய பேட்டரியின் லாபம் அப்படியே ஆவியாகப் போய்விடுகிறது. உள்ளேயே பொருத்திய பேட்டரி 300 முதல் 500 சார்ஜில் தளர்ந்துவிடும். தினம் ஒருமுறை போட்டால் ஒரு வருடம், ஒன்றேகால் வருடம். கழற்றும் பேட்டரி தளர்ந்தால் ஏழு பவுண்டில் புதிது, கருவி அப்படியே இருக்கும்.

இரண்டாவது, போர்டு, அதாவது கருவியின் மின்சுற்றுப் பலகை. அமெரிக்காவின் ஈவால்வ் நிறுவனம் செய்யும் டிஎன்ஏ போர்டு உள்ள மாட்டில் 14 வாட் வைத்தால் பேட்டரி நிறைந்திருந்தாலும் தீரும் நேரத்திலும் 14 வாட்டே வரும். வெப்பக் கட்டுப்பாடும் உண்டு: கம்பி சூடேறும்போது அதன் மின்தடை மாறுவதை அளந்து, குறித்த வெப்பத்துக்கு மேல் போகவிடாது, பஞ்சு காய்ந்தாலும் கருகாது. அருமையான வசதி. ஆனால் அது எஸ்எஸ்316 எஃகு, நிக்கல், டைட்டானியம் போன்ற கம்பிகளில்தான் வேலை செய்யும். கடையில் வாங்கும் காயில்களில் பெரும்பாலானவை காந்தால் என்ற உலோகக் கலவை. சூடானாலும் அதன் தடை ஏறக்குறைய மாறாது, போர்டுக்கு எதுவும் தெரியாது. நாமே எஃகுக் கம்பி சுற்றப் போவதில்லை என்றால் அந்த வசதிக்குக் கொடுக்கும் காசு வீண்.

மூன்றாவது, சுற்றிக்கொள்ளும் டேங்க். வாய் இழுப்புக்கு 28 கேஜ் தடிமன் உள்ள காந்தால் கம்பி, 2.5 மி.மீ. தண்டில் ஆறு சுற்று. கால்களோடு சேர்த்து 1.1 ஓம் அளவில் வரும். 13, 14 வாட் போதும். திருகுகளில் மாட்டி, தடையைப் பார்த்து, 10 வாட்டில் விட்டு விட்டு எரியவைத்தால் காயில் நடுவிலிருந்து இரு பக்கமும் ஒரே சீராகச் சிவக்க வேண்டும். ஓரத்தில் முதலில் சிவந்தால் சுற்றுகளைப் பீங்கான் முனை இடுக்கியால் மெல்ல நெருக்க வேண்டும், அல்லது திருகு தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பஞ்சை உள்ளே இழுக்கும்போது லேசாகப் பிடித்துக்கொண்டே வர வேண்டும், காயிலை நகர்த்தக் கூடாது. இறுக்கமாக வைத்தால் லிக்விட் ஏறாமல் கருகும். தளர்வாக வைத்தால் கசியும். முதல் சில முறை இரண்டுமே நடக்கும், பிறகு கை பழகிவிடும். பஞ்சு வாரம் ஒருமுறை, கம்பி மாதம் ஒருமுறை. பத்து மீட்டர்க் கம்பிச் சுருளில் நூறு காயிலுக்கு மேல் சுற்றலாம். கால் மணி நேரம் பொறுமையாக உட்காரப் பிடிக்காதவர் இந்தப் பக்கம் வர வேண்டாம்.

இந்த மூன்றுக்கும் மேலே போகும் காசு மரப்பிடி, உலோக வேலைப்பாடு, சிறு எண்ணிக்கையில் செய்த பெயர் ஆகியவற்றுக்குத்தான். பிடித்தால் வாங்குங்கள். ஆனால் 120 பவுண்டு மாட்டைவிட 300 பவுண்டு மாட்டில் ஆவி மேலாக வரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கழற்றும் பேட்டரியின் பொறுப்பு

விலை கூடிய கருவியில் ஆபத்து கருவியில் குறைவு, பேட்டரியைக் கையாளும் விதத்தில் அதிகம். பாட் கருவிக்கு இந்தக் கவலை இல்லை என்பது அதன் பெரிய பலம்.

18650 பேட்டரியின் மேல் உறை மெல்லிய பிளாஸ்டிக். மேல் முனையைத் தவிர உடம்பு முழுக்க எதிர்முனை. உறை நேர்முனைப் பக்கம் கிழிந்தால் இரண்டுக்கும் நடுவில் ஒரு வளையம் மட்டும்தான். கிழிந்த பேட்டரியைப் போடாதீர்கள். புது உறை சில காசு, பல வேப் கடைகளில் போட்டுத் தருவார்கள். சாவியும் சில்லறையும் கிடக்கும் பையில் தனிப் பேட்டரியைப் போட்டால் குறுக்குச் சுற்று ஏற்பட்டுப் பையிலேயே தீப்பிடிக்கும். ஒரு பவுண்டுப் பிளாஸ்டிக் பெட்டி போதும் இதைத் தடுக்க.

மின்னோட்டக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். 80 வாட்டை இரண்டு பேட்டரி பகிர்ந்தால் ஆளுக்கு 40. சார்ஜ் தீரும் நேரம் 3.2 வோல்ட்டில், பத்து விழுக்காடு வீணாவதைச் சேர்த்தால் 14 ஆம்பியர். எல்ஜி எச்ஜி2, தொடர்ந்து 20 ஆம்பியர் தாங்குவது, இதற்குப் போதும். ஒற்றைப் பேட்டரி மாட்டில் அதே 80 வாட் என்றால் 28 ஆம்பியர். அதே பேட்டரி தாங்காது. பெட்டியில் 80 வாட் என்று அச்சடித்திருந்தாலும் ஒற்றை 18650-இல் 50 வாட்டுக்குள் நிற்பது நல்லது. 9900 எம்ஏஎச் என்று எழுதிய 18650 கண்ணில் பட்டால் அது போலி. நல்ல மாட்டில் போடும் பேட்டரி பெரும்பாலும் 2000 முதல் 3500-க்குள்தான் இருக்கும். இரண்டு பேட்டரி மாட்டில் ஒரே நாளில் வாங்கிய ஒரே வகை இரண்டைப் போட்டு, எப்போதும் அவற்றைச் சேர்த்தே பயன்படுத்தி, சேர்த்தே சார்ஜ் போட வேண்டும்.

யாருக்கு எது

சிகரெட்டை இப்போதுதான் விடப் போகிறவர் 20 முதல் 25 பவுண்டுப் பாட் கருவி வாங்கட்டும், கூடவே ஒரு பாக்கெட் உபரிப் பாட், இரண்டு மூன்று சுவையில் 10 மி.லி. புட்டி. முடிந்தால் அதே கருவி இரண்டு. முதல் வாரத்தில் ஒன்று மக்கர் செய்தாலோ சார்ஜ் தீர்ந்தாலோ பக்கத்துக் கடை சிகரெட் கூப்பிடும். இரண்டாவது கருவி கையில் இருந்தால் அந்த நேரம் கடந்துவிடும். 80 பவுண்டுக் கருவி ஒன்றைவிட 20 பவுண்டுக் கருவி இரண்டு நல்ல காப்பு என்பது எங்கள் உறுதியான கருத்து. வாங்குமுன் உள்ளூர்ச் சிகரெட் நிறுத்தல் சேவையைக் கேளுங்கள். 2023-இல் பிரிட்டிஷ் அரசு இங்கிலாந்துக்கு அறிவித்த திட்டத்தில் பத்து லட்சம் பேருக்குத் தொடக்கக் கருவி இலவசமாகத் தருவதாகச் சொன்னார்கள்; சில நகராட்சிகளில் இப்போதும் கிடைக்கலாம், கூடவே ஆலோசனையும் உண்டு. கருவி மட்டும் இருப்பதைவிட ஆலோசனையோடு விடுபவர்கள் அதிகம் தேறுகிறார்கள்.

ஆறு மாதம் சிகரெட் தொடாமல் பாடில் நிலைத்தவர், வாராவாரம் பாட் வாங்குவதும் குப்பையில் போடுவதும் பிடிக்காதவர், கையில் கொஞ்சம் பொறுமை உள்ளவர் ஒற்றைப் பேட்டரி மாட்டும் வாய் இழுப்பு ஆர்டிஏவும் வாங்கலாம். விலை கூடிய பக்கத்தில் மனமாரச் சொல்லக்கூடிய வாங்கல் இது.

சப்-ஓம் மாட், வரி வந்தபின், புதிதாக யாரும் இறங்க வேண்டிய இடமாகத் தெரியவில்லை. ஏற்கெனவே அதில் இருப்பவர்கள் 0.15 ஓம் காயிலிலிருந்து 0.4 ஓமுக்கும், 70 வாட்டிலிருந்து 30 வாட்டுக்கும் இறங்கி, நிக்கோடினை 3-லிருந்து 6-க்கு ஏற்றினால் லிக்விட் பாதியாகும். 2 மி.லி. டேங்கை நாளைக்கு ஐந்து முறை நிரப்பும் தொல்லையும் குறையும்.

நிக்கோடினை மெல்ல மெல்ல இறக்கி வேப்பையும் விட்டுவிட எண்ணுபவர் கருவியில் அதிகக் காசு போடாமல் இருப்பதே மேல். 20-லிருந்து 10, பிறகு 5, 3 என்று இறங்கும்போது கூடுதலாக இழுக்கத் தோன்றும். லிக்விட் செலவு சில வாரம் ஏறினால் பயப்பட வேண்டாம். சிகரெட் பிடிக்கத் தோன்றினால் மட்டும் ஒரு படி மேலே திரும்புங்கள்.

வாங்கும்போதும், பயணத்திலும்

பெட்டியின் பக்கவாட்டில் சுரண்டிப் பார்க்கும் குறியீடு இருக்கும். அதை உற்பத்தியாளர் தளத்தில் போட்டுப் பாருங்கள். முன்பே பலமுறை சரிபார்த்ததாகக் காட்டினால் போலியாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்தக் கருவிக்கு வேறொரு கருவியின் பாட் பொருந்துமா என்பதையும் கேளுங்கள். எக்ஸ்ரோஸ் வரிசையில் பழைய பாட் புதுக் கருவியிலும் போகும். சில வரிசைகளில் மாடல் மாறியதும் பாட் கிடைக்காமல் நல்ல கருவி குப்பைக்குப் போகிறது. பழையதை வீட்டுக் குப்பையில் போடாதீர்கள். லாரியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். வேப் விற்கும் கடை புதிது வாங்கும்போது பழையதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளக் கடமைப்பட்டது. குழந்தைகள் உள்ள வீட்டில் லிக்விட் பூட்டிய அலமாரியில் இருக்க வேண்டும். சில மில்லி விழுங்கினாலே குழந்தைக்கு நஞ்சு.

விமானத்தில் கருவியும் பேட்டரியும் கையில் கொண்டுபோகும் பையில்தான். சரக்குப் பெட்டியில் போடத் தடை. மேலே அழுத்தம் குறையும்போது பாடில் உள்ள காற்று விரிந்து லிக்விட்டை வெளியே தள்ளும், அதனால் காலி பாடோடு ஏறுங்கள்.

ஊருக்குப் போகிறவர்கள் இதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். இந்தியாவில் 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி மின்சிகரெட் இறக்குமதி, விற்பனை, இருப்பு எல்லாம் தடை. இறக்குமதிக்கும் விற்பனைக்கும் முதல் குற்றத்துக்கே ஒரு வருடம் வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ. சிங்கப்பூரில் இறங்கி மாறுபவர்களுக்கும் எச்சரிக்கை: அங்கே கையில் வைத்திருப்பதே குற்றம். பயண நாட்களுக்குத் தோலில் ஒட்டும் நிக்கோடின் பட்டையும் நிக்கோடின் சூயிங்கமும் பிரிட்டன் மருந்துக்கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம். கம்மைச் சாதாரண சூயிங்கம்போல விடாமல் மென்றால் நிக்கோடின் வயிற்றுக்குப் போய் விக்கலும் எரிச்சலும்தான் வரும். காரம் தெரியும்வரை மெதுவாக மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே ஒதுக்கி வையுங்கள். காரம் அடங்கியதும் மறுபடி மெல்லுங்கள். ஒரு கம் அரை மணி நேரம் வரும்.